எச்சமும் முற்றும், நடுவே ஒரு பைப்

புள்ளிவிபரக் கணக்குக்கான ஆர் (R) என்ற நிரல்மொழியில், ஒரு படியில் வந்ததை அடுத்த படிக்குக் கடத்தும் பைப் என்ற குறியை வைக்காமல் ஏழு வருடம் எழுதினேன். அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்த காலமும் உண்டு. அலுவலகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் வரிக்கு வரி %>% போட்டு எழுத, நான் மட்டும் அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறியாக அடுக்கிக்கொண்டுபோய், கடைசியில் ஐந்தாறை ஒரேயடியாக மூடிவிட்டு நிமிர்ந்து உட்காருவேன். ஆரின் சொந்தக் குணம் இதுதான், மற்றது வெளியிலிருந்து வந்த அலங்காரம் என்பது என் கட்சி. வெள்ளவத்தையில் பைப் என்றால் தண்ணீர் வருவது, அதுவும் வந்தால், என்று ஒரு பழைய பகிடியும் கைவசம் இருந்தது. அதற்கு யாரும் சிரித்ததாக நினைவில்லை.

என் எதிர்ப்பில் கொஞ்சம் நியாயமும் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். அந்த %>% ஆரின் குறியல்ல. இரண்டு சதவீதக் குறிக்கு நடுவே எதைப் போட்டாலும் அதை ஒரு சார்பாக்கிக்கொள்ளலாம் என்ற பழைய வசதியைப் பயன்படுத்தி, 2014இல் ஸ்டெஃபான் மில்டன் பாக்கே தன் மக்ரிட்டர் என்ற கூடுதல் நிரற்பொதியில் கொண்டுவந்தது அது. சுங்கானை வரைந்து கீழே இது சுங்கான் அல்ல என்று எழுதிய ஓவியர் மக்ரித்தின் பெயரைத்தான் பொதிக்கு வைத்திருந்தார்கள், பைப் என்ற சொல்லுக்கு அங்கே இரண்டு பொருளும் உண்டு என்பதால். அதே வருடம் ஹட்லி விக்கம் தன் டிப்ளையர் பொதியில் வைத்திருந்த %.% என்ற சொந்தக் குறியைக் கைவிட்டு இதை எடுத்துக்கொண்டார், பிறகு அது காட்டுத்தீ. ஆனால் அது குறி மாதிரி வேஷம் போட்ட ஒரு சார்புதானே. அந்த நாட்களில் உள்ளே எங்காவது பிழைத்தால், எங்கே பிழைத்தது என்று காட்டும் பட்டியலில் நான் எழுதவே எழுதாத பெயர்கள் நாலைந்து வந்து நிற்கும். எனக்கு அது எரிச்சல்.

ஆர் 4.1.0 வந்தது 2021 மே 18. மூன்று நாள் கழித்து இலங்கை முழுக்கக் கொவிட் பயணக் கட்டுப்பாடு, அது ஒரு மாதம் இழுபட்டது. வீட்டுக்குள் அடைபட்ட அந்த முதல் வாரத்தில், வேறு வேலை ஓடாமல், புதிய பதிப்பை இறக்கி மாற்றக் குறிப்புகளை வாசித்தேன். மொழிக்குள்ளேயே |> என்று ஒரு பைப் சேர்த்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டது போல இருந்தது. ஏழு வருடமாக நான் எந்த வீட்டின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தேனோ, அந்த வீட்டுக்காரர்களே கதவைத் திறந்து விட்டிருந்தார்கள்.

பிந்தி வந்த குழாய்

இதில் எனக்கு அதிசயம் இது ஏன் வந்தது என்பதல்ல, ஏன் இவ்வளவு பிந்தியது என்பதுதான். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொன்றின் வாயில் தோட்டத்துக் குழாய் மாதிரிப் பொருத்த ஒரு வழி வேண்டும் என்று பெல் ஆய்வுகூடத்தில் டக் மக்கில்ரோய் 1964இலேயே எழுதி வைத்திருந்தார். 1973இல் கென் தொம்சன் அதை யூனிக்ஸ் இயங்குதளத்தில் சேர்த்தார். மூன்று வருடம் கழித்து, 1976இல், அதே பெல் ஆய்வுகூடத்தில்தான் ஜோன் சேம்பர்ஸும் கூட இருந்தவர்களும் எஸ் மொழியைத் தொடங்குகிறார்கள். அந்த எஸ்ஸின் வழியில்தான் 90களில் ஓக்லாந்தில் ரொஸ் இஹாக்காவும் ரொபர்ட் ஜென்டில்மனும் ஆரைச் செய்தார்கள். அதாவது குழாய் பிறந்த வீட்டிலேயே பிறந்த மொழியின் பிள்ளைக்கு அந்தக் குழாய் வந்து சேர 48 வருடம். எஃப் ஷார்ப் என்ற இன்னொரு நிரல்மொழிக்காரர்கள் அதற்குள் |> என்றே எழுதிப் பழகி முடித்திருந்தார்கள்.

காரணம் கணிதம் என்று நினைக்கிறேன். சார்பை முன்னே எழுதி, எதன்மேல் செய்கிறோமோ அதை அடைப்புக்குறிக்குள் வைக்கும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலேயே கையில் ஏறிவிட்டது. ஆனால் வாய் வேறு ஒழுங்கில் சொல்லியது, அதை நான் வெகுகாலம் கவனிக்கவில்லை. தமிழ்மொழி மூலம் படித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். கொப்பியில் √9 என்று எழுதுவோம், குறி முன்னே, எண் பின்னே. வாயால் 9இன் வர்க்கமூலம் என்போம், எண் முன்னே, செய்வது பின்னே. பத்து வருடம் ஒரு ஒழுங்கில் எழுதி மற்ற ஒழுங்கில் வாசித்திருக்கிறோம், ஒருவரும் இடறி விழவில்லை. ஒரு படி என்றால் விழமாட்டோம். ஆறு படி என்றால்?

13 மணிநேர இருட்டு

2022 மார்ச் கடைசி. மின்வெட்டு 13 மணித்தியாலத்துக்குப் போயிருந்தது. எந்த எழுத்துப் பிரிவுக்கு எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் நாளையே திட்டம் போட்டோம். நான் அப்போது வீட்டு வருமான, செலவின ஆய்வின் 2019ஆம் ஆண்டுத் தரவோடு வேலை செய்துகொண்டிருந்தேன். எங்கள் கணக்கைத் தொடங்குவதற்கு முன், தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் வெளியிட்ட எண்ணை நாமும் எடுக்க முடிகிறதா என்று ஒருமுறை சரிபார்ப்பது வழக்கம். நாடு முழுவதற்குமான சராசரி மாத வீட்டு வருமானம் அவர்கள் கணக்கில் 76,414 ரூபாய். எனக்கு வந்தது 53 ஆயிரத்தை ஒட்டி. நிறையிடாத முதற்கணக்கு, கொஞ்சம் விலகும் என்று தெரியும். ஆனால் 20 ஆயிரத்துக்கு மேல் விலகுமா? தரவு ஏற்றியதில் பிழை என்று நினைத்தேன், பிறகு மாவட்டம் ஏதும் விடுபட்டதோ என்று பார்த்தேன், பிறகு திணைக்களத்தையே சந்தேகப்பட்டேன். மூன்று நாள். கணினிக்கு மின் இருக்கிற நேரம் போதாமல் நிரலை அலுவலகத்தில் அச்செடுத்து, மின்தூக்கி வேலை செய்யாத படிகளில் ஐந்தாம் மாடிக்கு ஏறி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்றிரவு பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, சார்ஜ் விளக்கடியில் அந்தத் தாள்களோடு இருந்தேன். அம்மா எதிரே. அம்மா ஊரில் 31 வருடம் தமிழ் படிப்பித்தவர், அதிலும் இலக்கணம். கொழும்புக்கு வந்தபிறகு திருத்துவதற்குக் கொப்பி இல்லாமல் பத்திரிகைகளைத் திருத்துகிறார்.

"என்ன பிள்ளை, பேப்பரோடை சண்டை பிடிக்கிறாய்?"

கணக்குப் பிழைக்கிறது என்றேன்.

"எங்க, வாசி பாப்பம்."

"வாசிக்கேலாது அம்மா. இது கோட்."

"எழுதினதை வாசிக்கேலாதெண்டால் பிறகேன் எழுதினனீ?"

இதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சரி என்று வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் பள்ளிக்கூடச் சொற்களில், சராசரிக்கு இடை, அட்டவணையின் பத்திக்கு நிரல் என்று, அந்த வரியைச் சுருக்கிச் சொல்வதானால் இப்படி வரும்: மட்டந்தட்டு(இடை(நிரல்(நீக்கு(வீடுகள், விடுபட்டவை), வருமானம்), 2)). இடதுபக்கத்திலிருந்து மட்டந்தட்டு, இடை, நிரல் என்று தொடங்கியதும் அம்மா கையைக் காட்டி மறித்துவிட்டார். எதை மட்டந்தட்டுவது, ஆரை மட்டந்தட்டுவது, வினையை மட்டும் அடுக்கிக்கொண்டு போகிறாயே என்றார். அப்போது தாளைக் கண்ணுக்குக் கிட்டவாகப் பிடித்து, நடு அடைப்புக்குறியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து வெளியே வந்தேன். வீட்டுப் பட்டியலை எடுத்து, விடுபட்ட வீடுகளை நீக்கி, வருமான நிரலைப் பிரித்து, இரண்டோடு இடை கண்டு...

"இடைக்கு எதுக்கு இரண்டு?" அம்மா கேட்டார். கணிதத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர்.

அந்த இரண்டு மட்டந்தட்டுக்கு உரியது. இரண்டு தசமதானத்துக்கு மட்டந்தட்டு என்று எழுத நினைத்தது, ஒரு அடைப்புக்குறியை ஓரிடம் தள்ளி மூடியதால் இடைக்குள் போய் விழுந்திருக்கிறது. போனால் ஆர் கத்தாதா? கத்தாது, அதுதான் கொடுமை. இடை காணும் சார்பின் இரண்டாவது இடம், இரு ஓரத்திலும் எவ்வளவு பங்கை வெட்டிவிட்டுக் கணக்கெடுப்பது என்று சொல்வதற்கானது. பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று என்று கொடுப்பார்கள். அரைவாசியோ அதற்கு மேலோ கொடுத்தால் வெட்ட வெட்ட நடுவில் ஒன்றுதான் மிஞ்சும், ஆகவே ஆர் ஒரு சத்தமும் இல்லாமல் இடையத்தை, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை, தந்துவிடும். இடையைக் கேட்டேன், இடையத்தைத் தந்தது. சாதாரண தரப் பரீட்சைக் காலத்தில் இந்த இரண்டையும் மாற்றி எழுதி அடி வாங்கியவர்கள் எத்தனையோ பேர், ஆரும் என்னை அதே இடத்தில் விழுத்தியது. வருமானத் தரவில் மேல்முனையில் இருக்கிற சில வீடுகள் இடையைத் தூக்கிப் பிடிக்கும், இடையம் அசையாது. திணைக்களத்தின் இடைய எண் 53,333, அதே அறிக்கையில் இருக்கிறது. மூன்று நாளாக அந்த அறிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டிருந்த எனக்கு அது கண்ணில் படவில்லை. வந்த எண்ணில் ஒரு சதம்கூட இல்லை, முழு ரூபாயாக நின்றதே, அதையாவது கேட்டிருக்கலாம்.

கண்ணால் மூன்று நாள் பார்த்தும் காணாததை ஒருமுறை தமிழில் வாய்விட்டுச் சொன்னதும் காது பிடித்துவிட்டது. இது எனக்குப் பெரிய அடி. தாளின் பின்பக்கத்தில், அம்மாவுக்குச் சொன்ன அதே ஒழுங்கில், பேனையால் எழுதிப் பார்த்தேன்: வீடுகள் |> நீக்கு(விடுபட்டவை) |> நிரல்(வருமானம்) |> இடை() |> மட்டந்தட்டு(2). ஒவ்வொரு வினைக்கும் வேண்டியது அந்தந்த வினைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. பழைய வரியில் மட்டந்தட்டு ஒரு முனையிலும் அதன் இரண்டு மறுமுனையிலும் கிடந்தன, நடுவே ஒரு ஊரே இருந்தது. பைப்பிலும் இடை(2) என்று எழுதலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் எழுதினால் கண்ணில் குத்தும்.

அம்மாவின் பக்கம்

பத்தரைக்கு மின் வந்தது. ஆசையோடு கணினியில் அடித்தேன். அழகாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு வரியின் தலையிலும் |> வைத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக. முதல் வரிக்கே வீட்டுப் பட்டியல் முழுவதும் திரையில் ஓடித் தள்ளியது, அடுத்த வரியில் எதிர்பாராத குறி என்று எரர். பழகியவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், எனக்கு அது முதல் நாள். அம்மா தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு, குறியை வரியின் முடிவில் வைக்கவேண்டுமா என்று கேட்டார். ஆம், எப்படித் தெரியும் என்றேன்.

"முதல் வரியிலையே முற்று வந்திட்டுதெல்லே. அவி எண்டு முடிச்சுப்போட்டு, அடுத்த வரியை த்து எண்டு தொடங்கினால் ஆருக்கு விளங்கும்?"

அவர் கேட்டது யாருக்கு விளங்கும் என்ற ஊர்க் கேள்விதான். ஆனால் அதற்கு நேரான பதிலும் அதுவே. ஆருக்கு விளங்காது. ஒரு வரி அதனளவில் முடிந்துவிட்டால் ஆர் அதைச் செய்துமுடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும். வரி எச்சமாக நின்றால் மட்டும் இன்னும் வரும் என்று காத்திருக்கும். பனங்கிழங்கை அவித்து, உரித்து, கிழித்து, காயவைத்து என்று சொல்லிக்கொண்டு போகிறவரைக் கேட்கிறவர் குறுக்கிடமாட்டார்தானே, அவித்தாள் என்றால்தான் உம் கொட்டுவார். நான் வரித்தலையில் வைத்த |> தனியே எழுதிய த்து. அதை வரிவாலில் வைத்தால் அந்த வரி அவித்து. எச்சம் எத்தனை அடுக்கினாலும் கடைசி வினை முடியத்தான் எல்லாம் முடியும் என்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று அம்மா சொன்னார், எனக்குத் தெரியாததா என்ற முகத்தோடு.

எனக்கு அன்றைக்குத்தான் இரண்டு பைப்புகளுக்கும் உள்ள வித்தியாசமும் வேறு விதமாகப் புரிந்தது. பொதியில் வந்த %>% ஒரு சொல். மொழிக்குள் வந்த |> சொல்லே அல்ல, அது வெறும் சொல்லொழுங்கு. நிரலை வாசிக்கும்போதே ஆர் கிழங்கு |> அவி() என்பதை அவி(கிழங்கு) என்று மாற்றிக்கொள்கிறது, ஓடும் நேரத்தில் பைப் என்று ஒன்று இருந்த தடயமே இல்லை. அதனால்தான் பிழைப் பட்டியலிலும் அந்நியப் பெயர்கள் வராது. அதனால்தான் அவி என்று வெறுமனே எழுதினால் ஏற்காது, வெற்று அடைப்புக்குறியாவது போட்டு அது ஒரு வினை என்று காட்டவேண்டும். முதலில் எனக்கு இது கஞ்சத்தனமாகத் தெரிந்தது. இப்போது, ஒரு மொழி புதிதாக எடுத்துக்கொள்ளும்போது இவ்வளவு குறைவாக எடுத்துக்கொள்வதுதான் மரியாதை என்று படுகிறது. என் ஏழு வருடத்து எதிர்ப்பு முழுக்க வீண் என்று சொல்ல மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அம்மா அதோடு விடவில்லை. உழுது வந்தான் என்றால் உழுதவனும் வந்தவனும் ஒருவன், செய்து என்னும் எச்சத்துக்கு அதுதான் விதி, உன்ரை குழாயில் ஓடுகிறது செய்கிறவன் இல்லையே, செய்யப்படுகிற பொருளல்லவா என்றார். உண்மைதான். கிழங்கை அவித்து உரித்துக் கிழித்துக் காயவைத்தாள் என்பதில் செய்கிறவளும் ஒருத்தி, பொருளும் ஒன்று, இரண்டும் சேர்ந்தே ஓடுகின்றன, ஆகவே வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பட்டியலை ஒன்றோடு ஒன்று பொருத்தும்போது தெரியும். எது ஓடுகிறது, எது கரையில் நிற்கிறது என்று அங்கே குழம்பும். மழை பெய்யக் குளம் நிறைந்தது என்று எச்சத்தை மாற்றிவிடலாம் தமிழில், ஆரில் அப்படி இன்னொரு எச்சம் இல்லை. பொருள் முதலிடத்தில் வராத சார்புகளும் நிறைய உண்டு. ஒருபடித்தொடர்பை மாதிரிப்படுத்தும் சார்பில் சூத்திரம் முன்னே, தரவு பின்னே. அதற்குத்தான் 2022 ஏப்ரலில் வந்த 4.2.0இல் _ என்ற அடிக்கோட்டைக் கொடுத்தார்கள், அதை அங்கே போடு என்பதில் வருகிற அதை மாதிரி. அதையும் பெயர் சொல்லி, ஒரே ஒரு இடத்தில்தான் வைக்கலாம். இரண்டு இடத்தில் வைத்தால் அதுவரை செய்த வேலை முழுவதையும் இரண்டு தடவை செய்யவேண்டி வரும், அது வெறும் எழுத்து மாற்றம்தானே.

ஒழுங்கு முக்கியம் என்பதற்கு இந்தக் கிழங்கைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கிழங்கு |> அவி() |> உரி() |> கிழி() |> காயவை() என்றால் புழுக்கொடியல், அப்படியே கடித்துச் சாப்பிடலாம். முதல் அவி() விடுபட்டால் ஒடியல், இடித்து மாவாக்கிக் கூழ் காய்ச்சவேண்டியது. ஒரு வரியை அழித்தால் எரர் வராது, சாமான்தான் மாறும். என் இடை இடையமான மாதிரி.

இதையெல்லாம் பக்கத்து மேசைப் பிள்ளைக்குச் சொன்னேன். குருநாகல்காரி, சிங்களத்தில் நினைத்து ஆரில் எழுதுகிறவள். தம்பலா (அவித்து), வேலலா (காயவைத்து) என்று நாங்களும் அப்படித்தானே சொல்கிறோம், இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு ஏழு வருடமா என்றாள். ஆனால் அவளுடைய பைப்புகள் வேறு வியாதி. அவள் அனுப்பிய ஒரு கோப்பில் 23 படிகள், நடுவில் ஒரு இடத்திலும் நிற்காமல். அரசாங்கச் சுற்றறிக்கைகளில் பார்த்திருப்பீர்கள், கருதியும், கவனத்தில் கொண்டும், அதற்கமைவாகவும் என்று ஒரு பக்கம் போய்க் கடைசி வரியில் முற்று வரும், அதற்குள் எது எதற்காக என்பது மறந்துபோகும். பிரித்து எழுது என்றால், எங்கே பிரிக்க என்று கேட்டாள். எனக்கும் விதி தெரியாது. வாய்விட்டு வாசித்தேன். ஒன்பதாவது வரியில் மூச்சு முட்டியது. அங்கே வெட்டி அதுவரை வந்ததற்கு ஒரு பெயர் வைப்போம் என்றேன். வடிகட்டி முடிந்தது, ஆனால் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை, அரைகுறையாக நிற்கிற இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். வாயில் வந்தது ஒடியல். அவள் அதை அப்படியே ஆங்கில எழுத்தில் அடித்துச் சேமித்துவிட்டாள். போன மாதம் அந்தக் கோப்பைப் பார்வையிட்ட மேலதிகாரி, ஒடியல் என்பது எந்தச் சொற்றொடரின் சுருக்கம் என்று ஓரத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.